எலிஜியோ அறுத்துப் போட்ட மூட்டை

கோல்தெரா கிராமத்தில் ஒருவன் பெயர் வாங்குவது லேசான காரியமில்லை. எல்லோரும் ஒரே மாதிரி புல் அறுக்கிறோம், ஒரே மாதிரி மாடு வளர்க்கிறோம், ஒரே சோளக்களியைத்தான் தின்கிறோம். இதில் ஒருவனை மட்டும் தனியாகக் காட்டிப் பேச என்ன இருக்கிறது? ஆனாலும் எலிஜியோவைத் தெரியாதவர் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. சுமையை அவனைப் போலத் தூக்குகிறவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருந்தார்கள். அவனைப் போல வேகமாகக் கீழே போடுகிறவன் ஒருவனும் இல்லை.

என்ன சுமை என்று சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் பின்னால் போக்கெத்தா கணவாய். அதைத் தாண்டினால் சுவிட்சர்லாந்து. அங்கே காப்பியும் சிகரெட்டும் மலிவு. இங்கே இத்தாலியில் வரி போட்டே மனிதனைக் கொன்றுவிடுவார்கள். அதனால் எங்கள் ஆண்கள் வெறும் முதுகோடு மலையேறிப் போய், முதுகு நிறையச் சுமந்துகொண்டு இறங்குவார்கள். பாறையில் சத்தம் கேட்காமலிருக்கக் காலில் சாக்குத் துணியைத் தைத்துப் போட்டுக்கொள்வார்கள். இதைக் கடத்தல் என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எங்கள் பாதிரியாரே அந்தக் காப்பியைத்தான் குடித்தார். ஆகவே அது பாவமா புண்ணியமா என்று கேட்டு யாரும் அவரைச் சங்கடப்படுத்தவில்லை.

கணவாய்க்குக் கொஞ்சம் கீழே சுங்கக் காவலர்களின் கல்வீடு இருந்தது. பெரும்பாலும் தெற்கேயிருந்து வந்த பையன்கள். பனியைப் பார்த்தாலே அழுகிறவர்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. மூட்டை சர்க்காருக்கு, ஆள் வீட்டுக்கு. விசில் சத்தம் கேட்டதும் தோள்வார் இரண்டையும் அறுத்து மூட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அவர்கள் மூட்டையை எடுத்துக்கொள்வார்கள், துரத்த மாட்டார்கள். மூட்டைக்கு அவர்களுக்கு ஏதோ சன்மானம் உண்டு. ஆளைப் பிடித்தால் நகரத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைச்சல்தான் மிச்சம், அதோடு மறுநாளிலிருந்து ஊரில் ஒரு வீட்டிலும் பால் கிடைக்காது. இரண்டு பக்கத்துக்கும் நல்லதான ஒப்பந்தம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

இதற்காகவே இடது மார்பில் வளைந்த கத்தி ஒன்று எப்போதும் தொங்கும். பிள்ளைகளாக இருக்கும்போதே வைக்கோல் கொட்டகையில் கல் மூட்டையைச் சுமந்து பழகுவோம். பின்னாலிருந்து யாராவது விசிலடிப்பார்கள். வலது தோள், இடது தோள், குனிந்து பாய்ச்சல். யோசிக்கக் கூடாது, அதுதான் பாடம். யோசித்தவன் மாட்டுவான். நானும் பழகினேன், எனக்கு வரவில்லை, ஒரு முறை காதைக் கிழித்துக்கொண்டேன். எலிஜியோவுக்கோ அது பிறவியிலேயே வந்தது. விசில் முடிவதற்குள் மூட்டை தரையில் கிடக்கும், அவன் அங்கே இருக்க மாட்டான். சாராயக்கடையில் அவனைச் சீண்டுவார்கள், கல்யாணத்தன்று கோயில் மணி அடித்தபோது பெண்டாட்டியைக்கூட அறுத்துப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தான் என்று. அவனும் சேர்ந்து சிரிப்பான். குட்டையான ஆள், வளைந்த கால், தலையில் ஒரு பழைய கம்பளித் தொப்பி. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

மனைவி ஒத்தாவியா அவனைவிட ஒரு தலை உயரம். பிள்ளை இல்லை. அந்தக் குறை வீட்டில் பேசப்படாமலே கிடந்தபோதுதான் அவன் தங்கை தெல்ஃபினாவின் மகள் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

தெல்ஃபினா கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு ஹோட்டலில் சலவை வேலை செய்தாள். அவள் புருஷன் அங்கே அணை கட்டுகிற இடத்தில் கான்கிரீட் வேலை. பருவ வேலைக்கு வருகிறவர்கள் கையை மட்டும் கொண்டு வரலாம், பிள்ளைகளைக் கொண்டு வரக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அதனால் ஆறு மாதக் குழந்தை நீவெஸை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். தாய்மாமன் மடியில் குழந்தை வளர்ந்தது. ஒத்தாவியாவை அம்மா என்றது. எலிஜியோவை மாமா என்றது. அவன் காட்டுக்குப் போனால் வாசலில் நின்று அழும். திரும்பி வந்தால் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொள்ளும்.

நீவெஸுக்கு மூன்று வயது முடிந்த கிறிஸ்துமஸுக்கு தெல்ஃபினா வந்தாள். குழந்தை ஒத்தாவியாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, அந்த ஹோட்டல் அம்மா எப்பப் போவாங்க?" என்று கேட்டது. தெல்ஃபினா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கிளம்பும்போது அண்ணனிடம் முடிவாகச் சொல்லிவிட்டாள். வசந்தத்தில் குழந்தையைக் கணவாய்க்குக் கொண்டுவந்து தன்னிடம் தர வேண்டும். ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறாள். பகலில் குழந்தை சத்தமில்லாமல் அறைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே இப்படி எத்தனையோ குழந்தைகள் இருக்கிறார்களாம். ஒத்தாவியாவும் தலையாட்டினாள். பெற்றவள் கேட்கிறாள், என்ன பேசுவது?

ஆனால் அன்றிலிருந்து அவள் குழந்தைக்கு ஒரு விளையாட்டைப் பழக்க ஆரம்பித்தாள். சாக்குக்குள் உட்கார வேண்டும். யார் கூப்பிட்டாலும், யார் தொட்டாலும் பேசக்கூடாது. ஹோட்டல் அம்மா முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். நடுவில் சத்தம் போட்டால் மாமாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு உட்காரும். மாமாவைக் காப்பாற்றுகிற விளையாட்டல்லவா? ரொம்பவும் கெட்டிக்காரியாக விளையாடியது.

மே மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் மூடுபனி இறங்கியது. கணவாயில் அப்போதும் பனி கெட்டியாகக் கிடந்தது. எலிஜியோ தோள்வார் வைத்த காலிச் சாக்கை எடுத்தான். உள்ளே ஆட்டுத்தோலை விரித்து, நீவெஸைக் கம்பளியில் சுற்றி உட்கார வைத்து, ஒத்தாவியா மேல்வாயை மூச்சுக்கு இடம் விட்டுத் தளர்வாகத் தைத்தாள். வெளியே பார்த்தால் மற்ற மூட்டைகளுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தைத்து முடித்துவிட்டு அவன் மார்பைப் பார்த்தாள்.

"அந்தக் கத்தி எதுக்கு இன்னைக்கு? கழட்டி வச்சுட்டுப் போங்க."

"இது இல்லாம மலையேறினா கால்சட்டை இல்லாமப் போற மாதிரி இருக்கும்டி. அது பாட்டுக்குத் தொங்கட்டும்."

ஒத்தாவியா மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. பின்னாளில் இதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். என்னைக் கேட்டால், அவனிடம் என்றில்லை, வேறு யாரிடம் சொன்னாலும் இப்படித்தான் பதில் வந்திருக்கும் என்பேன். எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் அந்த விஷயத்தில் ஒரே முட்டாள்கள்.

ஏறும்போது எல்லாம் நன்றாகவே நடந்தது. லார்ச் மரங்கள் முடிந்து, பாறைச்சரிவு முடிந்து, பனி தொடங்கியது. முதுகில் குழந்தையின் சூடு சட்டையைத் தாண்டித் தெரிந்தது. அவன் அடிக்கடி நின்று மெதுவாக "இருக்கியாடா?" என்று கேட்பான். பதில் வராது. சாக்குக்குள்ளிருந்து ஒரு சின்ன முழங்கால் அவன் முதுகில் இரண்டு தரம் இடிக்கும். விளையாட்டின் விதிக்கு உட்பட்டு இருக்கிறேன் என்று அர்த்தம். அவன் தனக்குள் சிரித்துக்கொண்டே ஏறினான். இன்னும் கொஞ்ச தூரம்தான். உச்சியில் எல்லைக்கல், அதற்கப்பால் தங்கை காத்திருப்பாள்.

மூடுபனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். அவன் கூட்டாளிகள்தான். காஸ்பரே முன்னால், பின்னால் ஆறு பேர், எல்லோர் முதுகிலும் காப்பியும் சிகரெட்டும். வழக்கப்படி யாரும் பேசவில்லை. பாதை குறுகலாக இருந்ததால் எலிஜியோ ஒதுங்கி, அவர்களுக்கு வழி விட்டு நின்றான். காஸ்பரே அவன் முதுகைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். மேலே போகிறவன் முதுகில் மூட்டை இருப்பதை யாரும் கண்டதில்லை.

அந்த நிமிஷத்தில் விசில் ஊதியது. மிக அருகில், பத்தடி தூரத்தில் ஊதியது போல.

என்ன நடந்தது என்று எழுதவே கை கூசுகிறது. ஏழு பேரின் கத்திகளும் ஒரே நேரத்தில் உறையிலிருந்து வந்தன. எட்டாவதாக எலிஜியோவின் கத்தி. எட்டாவது என்றுகூடச் சொல்ல முடியாது, முதலாவதே அவனுடையதுதான். வலது தோள், இடது தோள். மூட்டை பின்னால் பனியில் விழுந்த சத்தம் கேட்டது. அவன் குனிந்து பாய்ந்து, பாறைச்சரிவில் உருளாத குறையாக இறங்கி, மூடுபனிக்குள் மறைந்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஓடும்போது முதுகு லேசாக இருந்தது. எப்போதும் அந்த லேசு அவனுக்குப் பிடிக்கும். தப்பித்தோம் என்று முதலில் சொல்வது முதுகுதான். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னது. அவனும் நம்பினான்.

சரிவுக்குக் கீழே இடையர்கள் கோடையில் தங்குகிற இடிந்த குடிசை ஒன்று உண்டு. ஓடினவர்கள் அங்கே வந்து சேர்வது வழக்கம். மூச்சு வாங்க ஒருவன்பின் ஒருவனாக வந்தார்கள். எல்லோரும் வந்தாயிற்று என்றதும் சிரிப்பு ஆரம்பித்தது. அதுவும் வழக்கம்தான். சரக்கு போனால் போகட்டும், ஆள் தப்பித்ததற்குச் சிரிக்க வேண்டும். ஒருவன் கிராப்பாச் சாராயப் புட்டியை நீட்டினான். எலிஜியோ ஒரு மடக்குக் குடித்தான். ஆமாம், குடித்தான். சிரிக்கவும் செய்தான்.

காஸ்பரே புட்டியை வாங்கிக்கொண்டு கேட்டான். "எங்க சரக்கு போச்சு, சரி. நீ என்னத்தடா மேல தூக்கிட்டுப் போனே? சுவிஸ்காரனுங்களுக்கே பாலாடைக்கட்டி விக்கப் போனியா?"

எலிஜியோ பதில் சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. கை தானாகப் பின்னால் போய் முதுகைத் தடவியது. சட்டை நனைந்திருந்தது, சில்லென்று இருந்தது. சற்றுமுன் சூடாக இருந்த இடம்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அங்கே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். முகத்தில் ரத்தமே இல்லாமல், பேயறைந்தவன் போல நின்று, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னான். "நீவெஸ். மூட்டைல நீவெஸ் இருந்தா."

காஸ்பரே கையிலிருந்த புட்டி சாய்ந்து சாராயம் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது, அதை நிமிர்த்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எல்லோருமே பிள்ளை குட்டிக்காரர்கள். எல்லோருமே அன்றைக்கு அறுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள். தங்கள் மூட்டையில் சிகரெட் இருந்தது, அவன் மூட்டையில் குழந்தை இருந்தது, அது ஒன்றுதான் வித்தியாசம் என்பது ஒவ்வொருவனுக்கும் தெரிந்தது.

கடைசியில் காஸ்பரேதான் சமாளித்துக்கொண்டு பேசினான். காவலர்களும் மனிதர்கள்தானே, குழந்தையைக் கண்டால் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து தருவார்கள், இவன் போனால் சிறைதான் என்றான்.

"திறக்க மாட்டாங்க காஸ்பரே."

அது சத்தியம். முந்தின வருஷம் பிடித்த மூட்டைகளில் சிகரெட் குறைந்தது என்று பெரிய ரகளையாகி, அதிகாரி வந்து ஈய முத்திரை வைக்கிறவரை எந்தக் காவலனும் தையலில் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு. அதிகாரி கீழே முகாமிலிருந்து ஏறி வர வேண்டும். அதுவரை மூட்டைகளைக் கொட்டகையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். நாற்பது கிலோ, ஐம்பது கிலோ மூட்டைகள்.

"புள்ள அழுவும்ல? அழுதா கேக்கும்ல?" என்றான் இன்னொருவன்.

"அழ மாட்டா. அழக்கூடாதுன்னு பழக்கியிருக்கு." அப்போதுதான் அவன் குரல் உடைந்தது. "அவ சத்தம் போட்டா என்னையப் புடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு சொல்லி வச்சிருக்கு."

அவன் திரும்பி மலையைப் பார்த்து ஓடினான். இறங்கி வந்த வேகத்தில் ஏறினான் என்று சொல்வார்கள். அது பொய். எந்த மனிதனாலும் அந்தச் சரிவில் அப்படி ஏற முடியாது. கையும் காலுமாகத் தவழ்ந்தான், வழுக்கினான், நகம் பெயர்ந்தது. மூட்டை எப்படி விழுந்தது என்று நினைத்துப் பார்க்க முயன்றான். நிமிர்ந்து விழுந்ததா, குப்புற விழுந்ததா? விசில் கேட்டது நினைவிருக்கிறது, ஓடியது நினைவிருக்கிறது, நடுவில் அந்தக் கணம் மட்டும் இல்லை. யோசிக்காமல் செய்தது எப்படி நினைவிருக்கும்?

அறுத்த இடத்தில் பனி மட்டும் மிதிபட்டுக் கிடந்தது. மூட்டைகளை இழுத்துக்கொண்டு போன தடம் கல்வீட்டுப் பக்கம் போயிற்று. அவனும் போனான்.

கதவருகே கத்தால்தோ என்ற காவலன் உட்கார்ந்து காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தெற்கே கடலோரத்து ஊர்க்காரன், முப்பது வயது, காதுவரை கம்பளி சுற்றியிருந்தான். இன்னொரு காவலன் அதிகாரியைக் கூட்டிவரக் கீழே போயிருந்தான். மூடுபனிக்குள்ளிருந்து, நகம் பெயர்ந்த கையோடு, கத்தி மார்பில் ஆட ஒருவன் வருவதைப் பார்த்ததும் கத்தால்தோ பாய்ந்து துப்பாக்கியை எடுத்தான். அந்த மலையில் அறுத்துப் போட்ட மூட்டையைத் தேடி ஒருவனும் திரும்பி வந்ததில்லை.

"யோவ், உனக்குக் கிறுக்கா? சரக்கைக் கேக்க வந்தியா?"

"மூட்டைல ஒரு புள்ள இருக்கு. திறங்க. ஐயா, திறங்க."

கத்தால்தோ முதலில் சிரித்தான். பிறகு அவன் முகத்தைப் பார்த்தான். துப்பாக்கியை அப்படியே தரையில் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினான்.

மூட்டைகள் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன, மூன்று வரிசை. எல்லாம் ஒரே சாக்கு, ஒரே நிறம். எலிஜியோ முழங்காலில் விழுந்து கூப்பிட்டான். "நீவெஸ்! மாமாடா! நீவெஸ்!"

பதில் இல்லை.

இருவருமாக மேல் வரிசையை இழுத்துத் தள்ளினார்கள். கத்தால்தோ உத்தரவையெல்லாம் மறந்து கத்தியால் கிழித்தான். சிகரெட் கொட்டியது. அடுத்ததில் காப்பிக்கொட்டை சலசலவென்று தரையெல்லாம் ஓடியது. எலிஜியோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒரு முனகல், ஒரு அசைவு, ஒன்றும் இல்லை. செத்துவிட்டாள் என்றே நினைத்தான். நினைத்தவுடன் அவனுக்கு வந்தது அழுகையல்ல, ஒரு பயங்கரமான அமைதி. சரி, இனிமேல் ஓட வேண்டியதில்லை என்பது போல. அதைப் பற்றி அவன் தன் மனைவியிடம்கூட வெகுகாலம் சொல்லவில்லை.

நடுவரிசையில், சுவரோரமாக, ஒரு கனத்த காப்பி மூட்டைக்கு அடியில் ஆட்டுத்தோலின் ஓரம் தெரிந்தது. கத்தால்தோ மேலே கிடந்ததைத் தூக்கி எறிந்தான். எலிஜியோ தையலைப் பல்லால் பிய்த்தான்.

உள்ளே நீவெஸ் கண்ணைத் திறந்துகொண்டு இருந்தாள். நெற்றியில் ஒரு பெரிய வீக்கம், மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் உதட்டில் காய்ந்திருந்தது. உதடு நீலம். இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. முதலில் மாமனைப் பார்த்தாள். பிறகு சீருடை போட்ட கத்தால்தோவைப் பார்த்தாள். கை இன்னும் இறுகியது.

"பேசலாம்டா. கைய எடு. முடிஞ்சுருச்சு."

அவள் தலையை ஆட்டினாள். மாட்டேன்.

அவன் கையை விலக்கப் பார்த்தான். மூன்று வயதுக் குழந்தையின் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, அவனால் விலக்க முடியவில்லை. காவலன் பக்கத்தில் நிற்கிறான், தான் சத்தம் போட்டால் மாமாவைப் பிடித்துவிடுவார்கள். மாமனை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். எலிஜியோவுக்கு அது உறைத்தபோது கொட்டகைச் சுவரில் தலையை மோதிக்கொண்டான்.

கத்தால்தோ விவரம் கேட்டான். கேட்டு முடித்ததும் எலிஜியோவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். பிறகு குழந்தையைத் தன் மேலங்கிக்குள் போட்டு, அடுப்பருகே கொண்டுபோய், உள்ளங்காலைத் தேய்த்தான். சர்க்கரைக் கட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தான். நீவெஸ் ஒரு கையை எடுத்து அதை வாங்கி வாய்க்குள் போட்டுக்கொண்டு மறுபடியும் பொத்திக்கொண்டாள். தேய்க்கத் தேய்க்க உதட்டில் சிவப்பு திரும்பியது. கத்தால்தோ தன் ஊர்ப் பேச்சில் அவளிடம் ஏதேதோ சொன்னான். அவனுக்கும் ஊரில் இந்த வயதில் ஒன்று இருந்ததாம். அதை அவன் இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லையாம்.

"பெத்தவ எங்க இருக்கா?" என்று கேட்டான்.

"எல்லைக்கல்லுக்கு அந்தாண்ட. காத்துக்கிட்டிருப்பா."

கத்தால்தோ ஜன்னல் வழியாகப் பாதையைப் பார்த்தான். அதிகாரி வந்தால் குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், எல்லாம் எழுதப்படும். அந்தப் பக்கம் பெற்றவர்களுக்கு வேலையும் போகும். அவன் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "கொண்டுபோய்க் குடு. குடுத்துட்டு இங்க திரும்பி வரணும். மூட்டையெல்லாம் கிழிஞ்சு கிடக்கு, யாராவது ஒருத்தன் கைல விலங்கு போட்டுக் காட்டலைன்னா என் பொழப்பு போயிரும். உன்னய நம்புறதும் பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கிறதும் ஒண்ணுதான். இருந்தாலும் போ."

இந்தத் தடவை எலிஜியோ குழந்தையை முதுகில் போடவில்லை. மார்போடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஏறினான். கத்தியை அந்தக் கொட்டகையிலேயே விட்டிருந்தான். நீவெஸ் முகத்தை அவன் கழுத்தில் வைக்காமல் வெளியே திருப்பிக்கொண்டிருந்தாள். தங்கையிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தான். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லலாம். பனியில் வழுக்காதவன் யார்? நெற்றி வீக்கத்துக்கு அதுவே போதும். நல்ல பொய், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கல் தெரிகிறவரை அந்தப் பொய்யை அவன் முடிவாக வைத்திருந்தான்.

தெல்ஃபினா யாருடையதோ ஒரு பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு கல்லருகே நின்றாள். ஓடி வந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். முகத்தை முகத்தோடு வைத்தாள். நீவெஸ் அந்த முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். ஹோட்டல் அம்மாதான், சந்தேகமில்லை. கைகளை வாயிலிருந்து எடுத்தாள்.

"மாமா என்னைக் கீழ போட்டுட்டு ஓடிட்டாரு," என்றாள்.

தெல்ஃபினா சிரித்தாள். "வழுக்கிட்டியாண்ணே? பாத்து வரக்கூடாதா? நெத்தி எப்படி வீங்கியிருக்கு பாரு."

பொய் நாக்கு நுனியில் இருந்தது. தங்கையே எடுத்துக் கொடுக்கிறாள். அவன் குழந்தையைப் பார்த்தான். குழந்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வழுக்கல. விசில் ஊதுச்சு. வாரை அறுத்துப் போட்டுட்டு ஓடிட்டேன்."

தெல்ஃபினாவும் எங்கள் ஊர்ப் பெண். அதற்குமேல் விளக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை. சிரிப்பு முகத்திலேயே இருந்தது, கண் மட்டும் மாறியது. பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழந்தையின் தலை, கழுத்து, கை, கால் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

அவன் நின்றுகொண்டே சொன்னான். எங்கே கிடந்தாள், எத்தனை மூட்டைக்கு அடியில் கிடந்தாள், கூப்பிட்டும் பேசாமல் எப்படி இருந்தாள், எல்லாவற்றையும். சொல்லிவிட்டு, கேட்கக் கூடாததையும் கேட்டான். "தெல்ஃபினா, இவ வலிச்சாக்கூட அழ மாட்டேங்கறா. அங்க கொண்டுபோய் இன்னும் ஒரு ரூமுக்குள்ள வச்சுப் பூட்டி, சத்தம் போடாதேன்னு சொன்னா இந்தப் புள்ள என்னாகும்? எங்கிட்டயே விட்டுரு. ஒத்தாவியா பாத்துக்குவா."

"உங்கிட்டயா?"

அவள் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாதவள் போலக் கேட்டாள்.

தெல்ஃபினா எழுந்து கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, பிள்ளையை உள்ளே வைத்து மறுபடி பூட்டிக்கொண்டாள். "பூட்டித்தான் வைக்கப் போறேன். எனக்குத் தெரியும் அது பாவம்னு. போலீஸ் வந்தா நானும் ஓடுவேண்ணே. ஆனா இவளோட ஓடுவேன்." பிறகு, அண்ணியிடம் அவனே சொல்வானா, அல்லது தான் ஆள் அனுப்ப வேண்டுமா என்று கேட்டாள். தானே சொல்வதாக அவன் சொன்னான். அவள் அந்தப் பக்கச் சரிவில் இறங்கினாள். கோட்டின் கழுத்து வழியாகக் குழந்தையின் தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் மூடுபனியில் போயிற்று. அவன் கையசைக்கக் கையைத் தூக்கினான், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கிருந்து கோல்தெராவுக்கு இறங்க அவனுக்கு வேறு இரண்டு பாதை தெரியும், கண்ணைக் கட்டிவிட்டாலும் போவான். கல்வீடு இருந்த பாதையில் இறங்கினான்.

கத்தால்தோ வாசலில் நின்று மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எலிஜியோ வந்து எதிரில் நின்று இரண்டு கையையும் நீட்டியபோது, அவனுக்கு விலங்கை எடுக்கவே தோன்றவில்லை. கீழே அதிகாரியின் பேச்சுக்குரல் அப்போதுதான் லேசாகக் கேட்க ஆரம்பித்திருந்தது. இன்னும் நேரம் இருந்தது.

"நெஜமாவே வந்துட்டியே. ஓடியிருக்கலாமேய்யா," என்றான்.

"ஓடிப் பாத்தாச்சு," என்றான் எலிஜியோ.